இருட்டுக்கு எத்தனை மதிப்பெண்?

2025 மே 4, ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் கத்திரி வெயில் தொடங்குகிறது என்றது நாட்காட்டி. சென்னையின் மேற்குப் புறநகரிலோ அன்று பிற்பகல் இடியும் மழையுமாகக் கொட்டியது. ஆவடி சி.ஆர்.பி.எஃப். வளாகத்தில் உள்ள கேந்திரிய வித்யாலயாவில் அப்போது நீட் தேர்வு நடந்துகொண்டிருந்தது. இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடியவேண்டிய தேர்வு. மூன்று மணி வாக்கில் போன மின்சாரம் நாலேகால் வரை வரவில்லை என்று அங்கே எழுதிய மாணவர்கள் சிலர் பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். வெளிச்சம் போதவில்லை, மழைத்தண்ணீர் உள்ளே வந்து இடம் மாற வேண்டியதாயிற்று, இழந்த நேரத்துக்கு ஈடாகக் கூடுதல் நேரமும் தரவில்லை, ஆகவே மறுதேர்வு வேண்டும் என்பது அவர்கள் மனு.

நீதிமன்றம் முதலில் முடிவுகளை வெளியிட இடைக்காலத் தடை விதித்தது. தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை தன் பதிலில் கள அறிக்கையோடு ஒரு புள்ளியியல் ஆய்வையும் முன்வைத்தது. மின்தடையால் அந்த மையத்து மாணவர்களின் எழுத்து பாதிக்கப்படவில்லை என்பது அதன் சாரம். ஜூன் 6 அன்று நீதியரசர் சி. குமரப்பன் மனுக்களைத் தள்ளுபடி செய்தார். நாடு முழுவதும் இருபத்திரண்டு லட்சம் பேர் எழுதிய தேர்வு. சிலருக்கு மட்டும் மறுதேர்வு வைத்தால் மற்றவர்களுக்கான சமநிலை குலையும் என்ற கவலையும் அந்தத் தீர்ப்பில் இருந்தது.

தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் அறிவியல் கேள்வி ஒன்று அப்படியே நிற்கிறது. ஒன்றேகால் மணி நேர மங்கல் வெளிச்சம் ஒரு மாணவியின் மதிப்பெண்ணைக் குறைத்ததா இல்லையா என்பதைப் புள்ளியியல் எப்படிக் கண்டுபிடிக்கும்? அந்தத் தேர்வை அவள் நல்ல வெளிச்சத்தில் எழுதியிருந்தால் என்ன வாங்கியிருப்பாள் என்பதை யாரும் பார்க்கவில்லை. நடக்காத ஒன்றோடு நடந்ததை ஒப்பிடுவது எப்படி?

இதற்கு விடை தேட, பொதுத்தேர்வு என்பது அடிப்படையில் என்ன என்று பார்க்க வேண்டும். அது ஓர் அளவுகருவி. கருவி என்று சொல்வதை வெறும் உவமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அளவீட்டு அறிவியலின் சட்டதிட்டங்கள் அத்தனையும் அதற்குப் பொருந்தும். ஆவடியிலிருந்து சில ரயில் நிலையங்கள் தள்ளி, 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில், லேத் பட்டறை வைத்திருக்கும் எவருக்கும் இந்தச் சட்டதிட்டம் தெரியும். கடைந்தெடுத்த எஃகுத் தண்டின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளக்கிறார்கள். அந்த அளவு எந்த வெப்பநிலையில் எடுக்கப்பட்டது என்று கேட்காமல் பெரிய தொழிற்சாலைகளின் தர ஆய்வாளர் அதை ஏற்பதில்லை. உலகம் முழுவதும் பொறியியல் அளவுகளுக்கு ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். மே மாதத்துத் தகரக் கொட்டகையில் 38 டிகிரியில் அதே தண்டை அளந்தால், 100 மில்லிமீட்டருக்குச் சுமார் 20 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். தண்டு மாறவில்லை, அளந்த சூழல் மாறிவிட்டது.

‘தரப்படுத்தப்பட்ட தேர்வு’ என்ற சொல்லுக்கு உள்ளே இருப்பது இந்த எண்ணம்தான். ஒரே கேள்வித்தாள், ஒரே கால அளவு, ஒரே மாதிரி மேசை, வெளிச்சம், அமைதி, ஒரே திருத்தும் முறை. இவை அனைத்தும் எல்லாருக்கும் சமமாக இருந்தால்தான் மதிப்பெண்ணில் தெரியும் வேறுபாடு மாணவர்களுடைய வேறுபாடு என்று சொல்ல முடியும். சூழல் வேறானால், வேறுபாட்டில் எவ்வளவு மாணவருடையது, எவ்வளவு சூழலுடையது என்று பிரிக்க முடியாமல் போகும்.

எஃகுக்கு ஒரு வசதி உண்டு. அதன் விரிவுக் குணகம் தெரியும். 38 டிகிரியில் அளந்ததை 20 டிகிரிக்குத் திருத்திக்கொள்ளலாம். இருட்டுக்கு அப்படி ஒரு குணகம் இல்லை. ஒரே மங்கலில் ஒரு பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றும் நேராதவன்போல எழுதிவிடுவான். நடுவரிசையில் கண்ணாடி போட்ட ஒருத்தி கேள்வியை இரண்டு முறை படித்து, பதற்றத்தில் விடைத்தாளில் ஒரு வட்டம் தள்ளிக் குறித்துவிடுவாள். இந்த வழக்கின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

இனி மதிப்பெண்ணுக்குள் நுழைவோம். தேர்வுகளைப் புள்ளியியல் கண்ணால் முதலில் கூர்ந்து பார்த்தவர்களில் ஒருவர் ஃபிரான்சிஸ் எட்ஜ்வொர்த் என்ற அறிஞர். 1888இல் தேர்வுகளின் புள்ளியியல் பற்றியும், 1890இல் போட்டித் தேர்வுகளில் தற்செயலின் பங்கு பற்றியும் அவர் கட்டுரைகள் எழுதினார். வானியலாளர் ஒரு நட்சத்திரத்தின் இடத்தைப் பலமுறை அளந்தால் ஒவ்வொரு முறையும் சிறிது மாறி வரும். தேர்வு மதிப்பெண்ணும் அப்படித்தான் என்பது அவர் பார்வை. அதிலிருந்து வளர்ந்த கோட்பாடு இன்று மிக எளிமையாகச் சொல்கிறது: நாம் பார்க்கும் மதிப்பெண்ணில் இரண்டு பகுதிகள் கலந்திருக்கின்றன. ஒன்று, அந்த மாணவரின் நிலையான திறனைக் காட்டும் ‘உண்மை மதிப்பெண்’. மற்றது ‘அளவீட்டுப் பிழை’. பிழை என்றால் யாரோ செய்த தவறு அல்ல. அன்றைய தூக்கம், வந்த கேள்விகளின் கலவை, ஊகத்தின் அதிர்ஷ்டம், மின்விசிறி, வெளிச்சம் எல்லாம் சேர்ந்த ஏற்ற இறக்கம்.

இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரே மாணவரை நூறு முறை தேர்வெழுத வைக்க முடியாது. அதற்கு ஓர் அழகான குறுக்குவழி உண்டு. 1910இல் உளவியலாளர்கள் ஸ்பியர்மேன், பிரவுன் இருவரும் தனித்தனியே இதை வெளியிட்டார்கள். ஒரு தேர்வின் ஒற்றைப்படைக் கேள்விகளைத் தனியாகவும் இரட்டைப்படைக் கேள்விகளைத் தனியாகவும் திருத்த வேண்டும். ஒரே மாணவர், ஒரே நாள், இரண்டு குட்டித் தேர்வுகள். எல்லா மாணவர்களுக்கும் இந்த இரண்டு மதிப்பெண்களும் ஒன்றோடொன்று நெருங்கிப் போனால் கருவி நம்பகமானது. சிதறினால் பிழை பெரிது. அந்தச் சிதறலிலிருந்து முழுத் தேர்வின் பிழையைக் கணக்கிட்டுவிடலாம். தேர்வுகளின் நம்பகம் பற்றி நாம் சொல்லும் பலவும் இப்படிப் பாதியைப் பாதியோடு ஒப்பிட்டு வந்தவை.

ஊகத்தின் பங்கை மட்டும் காகிதத்திலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். நீட்டில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4 கிடைக்கும், தவறுக்கு 1 போகும், விடையளிக்காமல் விட்டதற்குக் கூட்டலும் இல்லை கழித்தலும் இல்லை. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்மூடிக் குறித்தால் நான்கு கேள்விகளுக்குச் சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறாகும். நான்கில் மூன்று போக ஒரு மதிப்பெண் மிச்சம். ‘தவறுக்குக் கழிப்பார்கள், தெரியாததைத் தொடாதே’ என்று வீட்டில் சொல்லும் அறிவுரை கணக்கின்படி முழுக்கச் சரியல்ல. ஊகத்துக்குப் பலனே இல்லாமல் செய்யவேண்டுமானால் ஒரு தவறுக்கு ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் கழிக்க வேண்டும்.

ஆனால் சராசரி ஒன்று, தனி ஆளுக்கு நேர்வது வேறொன்று. இருபது கேள்விகளை ஊகத்தில் குறித்தவருக்குச் சராசரியாக 5 மதிப்பெண் வரும். அப்படிக் குறிக்கும் ஐந்து பேரில் நால்வருக்கு அது −5இலிருந்து 15 வரை எங்கு வேண்டுமானாலும் விழும். ஐந்தாமவருக்கு அதற்கும் வெளியே. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அதே அளவு படித்து, அதே இருபது கேள்விகளை ஊகித்த இரண்டு பேருக்கிடையே 20 மதிப்பெண் வேறுபாடு வருவது சர்வசாதாரணம்.

இருபது மதிப்பெண் என்றால் என்ன? 2025இல் நீட்டில் தகுதி பெற்றவர்கள் ஏறத்தாழ 12.36 லட்சம் பேர். முதல் மதிப்பெண் 686. ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கான மிகக் குறைந்த தகுதி மதிப்பெண் 113. இந்த இடைவெளியில் இத்தனை பேரையும் பரப்பினால் ஒரு மதிப்பெண்ணுக்குச் சராசரியாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். உச்சியில் கூட்டம் மெலியும், நடுவில் அதைவிட நெருக்கும். ஆக, நடுப்பகுதியில் இருபது மதிப்பெண் என்பது தரவரிசையில் நாற்பதாயிரம் இடங்களுக்கு மேல். கருவியின் இயல்பான நடுக்கமே இவ்வளவு என்றால், அதன்மேல் ஒரு மின்தடை சேரும்போது மாணவர்கள் நீதிமன்றத்துக்கு ஓடியதில் வியப்பில்லை.

சரி, முகமை சொன்னதைப்போன்ற ஒரு புள்ளியியல் ஒப்பீடு எப்படி நடக்கும்? தனி மாணவியின் ‘நடந்திருந்தால்’ நமக்குக் கிடைக்காது. ஆகவே குழுவுக்குத் தாவுகிறோம். மின்சாரம் போன மையத்தில் எழுதியவர்களை ஒரு பக்கமும், போகாத மையங்களில் எழுதியவர்களை மறுபக்கமும் வைத்து, மதிப்பெண்ணின் சராசரியையோ விடையளித்த கேள்விகளின் எண்ணிக்கையையோ ஒப்பிடுகிறோம். இருட்டு பாதித்திருந்தால் முதல் குழு தாழ்ந்து தெரிய வேண்டும்.

இந்த உத்தி புதிதல்ல. பொறியியலுக்கான ஜே.இ.இ. மெயின் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. அது பல நாள், பல வேளைகளில் வெவ்வேறு கேள்வித்தாள்களோடு நடக்கும் கணினித் தேர்வு. காலையில் வந்த தாள் கடினமாகவும் மாலையில் வந்தது எளிதாகவும் இருக்கலாம். அதனால் மதிப்பெண்ணை ஒதுக்கிவிட்டு, அந்த வேளையில் எழுதியவர்களில் எத்தனை சதவீதத்தினர் உன் அளவோ உனக்குக் கீழோ இருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். அதுதான் பெர்சன்டைல், பாடநூல் அதை நூற்றுமானம் என்கிறது. 300க்கு 160 வாங்கியவருக்கு 170 வாங்கியவரைவிட உயர்ந்த நூற்றுமானம் கிடைப்பது இதனால்தான். இருவரும் வெவ்வேறு வேளையில் எழுதியவர்கள். முதலாமவரின் தாள் கடினம், அவரைச் சுற்றி இருந்தவர்களும் தடுமாறினார்கள். இந்த இயல்பாக்கம் நியாயமாவதற்கு ஒரே ஒரு நிபந்தனை: காலைக் கூட்டமும் மாலைக் கூட்டமும் திறனில் சமமாக இருக்க வேண்டும். வேளைகளைக் கணினி குலுக்கல்போல ஒதுக்கினால், ஒவ்வொரு வேளையிலும் பல்லாயிரம் பேர் இருந்தால், அந்த நிபந்தனை பெரும்பாலும் நிறைவேறும். (அந்த நூற்றுமானத்தைத் தசமப் புள்ளிக்குப் பின் ஏழு இலக்கம் வரை அச்சிடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சம மதிப்பெண்காரர்களைப் பிரிக்க அது உதவலாம். ஆனால் கருவிக்கு இல்லாத துல்லியத்தை அது இருப்பதாகக் காட்டுகிறது.)

நீட் மையங்களுக்கு அந்த நிபந்தனை அவ்வளவு எளிதில் பொருந்தாது. மாணவர்கள் தங்கள் ஊரை ஒட்டிய நகரத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். ஆவடி, திருவள்ளூர், பூந்தமல்லிப் பக்கத்துப் பிள்ளைகள் எழுதும் மையத்தை வேறொரு மாநிலத்தின் பயிற்சி நகரத்தோடு ஒப்பிட்டால் அர்த்தமில்லை. அதே நகரத்தின் பக்கத்து மையங்களோடு ஒப்பிட்டால் ஓரளவு சரி.

அப்படிச் சரியாக ஒப்பிட்டாலும் ஒரு தடை இருக்கிறது. அதை எண்களில் பார்த்தால்தான் விளங்கும். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, எந்த மையத்தின் உண்மைக் கணக்கும் அல்ல. ஒரு மையத்தில் 400 பேர். மதிப்பெண்களின் சிதறலைச் சொல்லும் திட்ட விலக்கம் 150. அப்படியானால் அந்த 400 பேரின் சராசரி, வெறும் தற்செயலாலேயே, சுமார் 7.5 மதிப்பெண் இப்படியும் அப்படியும் ஆடும். இதைத் திட்டப் பிழை என்கிறோம். ஒரு வேறுபாடு அதன் இருமடங்கை, அதாவது 15ஐ, தாண்டினால்தான் ‘இது தற்செயல் இல்லை’ என்று சொல்வது புள்ளியியலின் வழக்கம். ஆக, அந்த மையத்தில் ஒவ்வொரு மாணவரும் பத்துப் பத்து மதிப்பெண் இழந்திருந்தாலும், ஆய்வு பெரும்பாலும் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்றுதான் அறிக்கை தரும். அந்தப் பத்து மதிப்பெண், நடுப்பகுதியில், தலைக்கு இருபதாயிரம் இடம்.

இன்னொன்றையும் பாருங்கள். இருட்டு எல்லா அறையிலும் ஒரே மாதிரி இருக்காது. 400 பேரில் 60 பேர் மட்டும் உள்ளறைகளில் இருந்து, அவர்கள் ஆளுக்கு 40 மதிப்பெண் இழந்திருந்தால்? மொத்த இழப்பு 2,400. அதை 400 பேருக்கும் பங்கிட்டால் சராசரியில் 6 மட்டுமே குறையும். பதினைந்து என்ற வாசலுக்குக் கீழே அது சத்தமில்லாமல் மறைந்துவிடும். அறுபது பேரின் மருத்துவக் கனவு சராசரிக்குள் கரைந்துபோகும்.

விடையளித்த கேள்விகளை எண்ணுவதும் முழுமையான அளவுகோல் ஆகாது. ஊகத்துக்குச் சிறிதளவாவது பலன் உண்டு என்று மேலே பார்த்தோம். நேரம் போய்விட்டது என்று உணர்ந்த பிள்ளை கடைசி ஐந்து நிமிடத்தில் மீதி வட்டங்களை நிரப்பிவிடும். எண்ணிக்கை குறையாது, சரியான விடைகளின் விகிதம் குறையும்.

ஆகவே ‘வேறுபாடு காணப்படவில்லை’ என்ற சொற்களை எப்படிக் கேட்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ‘பாதிப்பு இல்லை’ என்பது அதன் பொருள் அல்ல. ‘இந்தக் கருவியால் பார்க்கக்கூடிய அளவுக்கு, குழு முழுவதற்குமான பாதிப்பு இல்லை’ என்பதே பொருள். முதல் வாக்கியத்தை ஒரு மாணவியிடம் சொன்னால் அவள் அனுபவத்தையே மறுப்பதாகும். இரண்டாவது வாக்கியம் உண்மை. அதைச் சொல்லும்போது கருவி எவ்வளவு சிறிய பாதிப்பைக் கண்டுபிடிக்க வல்லது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அறிவியல் ஆய்வேடுகளில் அதைச் சொல்லாமல் விட்டால் மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

இதே கேள்வி முந்தைய ஆண்டு இன்னும் பெரிய அளவில் எழுந்தது. 2024 மே 5 நீட் தேர்வில் வினாத்தாள் கசிந்தது. ஏறத்தாழ 23 லட்சம் பேர் எழுதிய தேர்வு. ஜூன் 4 முடிவில் 67 பேருக்கு 720க்கு 720. கசிவு பரவலாக நடந்ததா என்று அறிய ஒன்றிய அரசு சென்னை ஐ.ஐ.டி.யிடம் தரவுகளைப் பகுப்பாய்வு செய்யச் சொன்னது. மதிப்பெண்கள் மணி வடிவ வளைகோட்டில் இயல்பாகவே பரவியிருக்கின்றன, பெருமளவு முறைகேட்டுக்கான தடயம் இல்லை என்ற அந்த ஆய்வை அரசு உச்ச நீதிமன்றத்தில் முன்வைத்தது. எதிர்த்தரப்பு கேட்டது நியாயமான கேள்வி: 23 லட்சம் பேரின் வளைகோட்டில் நூற்றைம்பது பேரின் மோசடி எப்படித் தெரியும்? தெரியாதுதான். கசிவால் பலனடைந்தவர்கள் 155 பேர் என்று சி.பி.ஐ. கணக்கு நீதிமன்றத்தின் முன் வந்தது. அது வளைகோட்டிலிருந்து வந்ததல்ல, காவல் விசாரணையிலிருந்து வந்தது. பெரிய கூட்டத்தின் வடிவம் பரவலான நோயைக் காட்டும். ஓரிடத்துப் புண்ணைக் காட்டாது. கசிவு நாடு தழுவியதா என்பதே நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி என்பதால் அந்த ஆய்வு அதற்குப் பயன்பட்டது. ஜூலை 23 அன்று நீதிமன்றம் முழு மறுதேர்வுக்கு மறுத்துவிட்டது. ஆவடி வழக்கில் கேள்வியே ஓரிடத்தைப் பற்றியது.

‘சரி, இழந்த நேரத்துக்குக் கொஞ்சம் மதிப்பெண் கூட்டிக் கொடுத்துவிடலாமே?’ என்று தோன்றும். அதையும் 2024இல் செய்து பார்த்தார்கள். சில மையங்களில் நேரம் வீணானதாகக் கூறப்பட்ட 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் தரப்பட்டது. அதன் சூத்திரம், 2018இல் சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வில் கோளாறு ஏற்பட்டபோது உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அதன் கருத்து எளிது: கிடைத்த நேரத்தில் மாணவர் என்ன வேகத்தில் மதிப்பெண் சேர்த்தாரோ அதே வேகத்தில் இழந்த நேரத்திலும் சேர்த்திருப்பார். கிடைத்த 180 நிமிடத்தில் 540 எடுத்தவருக்கு நிமிடத்துக்கு 3. இருபது நிமிடம் போயிருந்தால் 60 கூட்டு.

அந்த முடிவில் 718, 719 என்ற மதிப்பெண்கள் வந்தபோதுதான் நாடே விழித்துக்கொண்டது. நீட்டில் 720க்கு அடுத்து வரக்கூடியது 716, ஒரு கேள்வியை விட்டால். ஒரு கேள்வி தவறானால் 715. இடையில் எதுவும் சாத்தியமில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு அது. அதைப் போட்டுப் பார்த்த மாணவர்களும் பெற்றோரும்தான் கருணை மதிப்பெண்ணை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

சூத்திரத்தின் குறை எண்கள் விநோதமாக வந்தது மட்டுமல்ல. எந்த மாணவரும் சீரான வேகத்தில் எழுதுவதில்லை. தெரிந்ததை முதலில் முடித்து, கடினமானதைக் கடைசிக்கு வைப்பார்கள். முதல் நிமிடத்தின் விளைச்சல் கடைசி நிமிடத்தில் இராது. அரைமணி முன்னதாகவே முடித்துவிடக்கூடியவருக்கு இருபது நிமிடம் போனாலும் இழப்பில்லை, ஆனால் அவர் வேகம் அதிகம் என்பதால் அவருக்கே கூட்டு அதிகம். மேலும் கிளாட் கணினித் தேர்வு. எவர் திரையில் எத்தனை விநாடி வீணானது என்ற பதிவு இயந்திரத்திலேயே இருந்தது. நீட் காகிதத்தில் நடக்கிறது. பேனாவுக்கு நேரப் பதிவு கிடையாது. ஆவடியில் மூன்று மணிக்கும் நாலேகாலுக்கும் இடையே யார் எந்தக் கேள்வியில் இருந்தார்கள் என்று எந்த ஆவணமும் சொல்லாது. அப்படி ஒரு பதிவு இருந்திருந்தால், ஒரே மாணவி வெளிச்சத்தில் எழுதியதையும் இருட்டில் எழுதியதையும் ஒப்பிட்டு, குழுவின் உதவியே இல்லாமல் விடை கண்டிருக்கலாம்.

கருணை மதிப்பெண் 2024 ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. விரும்பியவர்கள் ஜூன் 23இல் மறுதேர்வு எழுதலாம் என்றார்கள். 1,563 பேரில் 813 பேர் வந்தார்கள். இங்கே அடுத்த முடிச்சு. மறுதேர்வு என்றால் புதிய கேள்வித்தாள். புதிய தாள் பழையதைவிடக் கடினமா எளிதா? ஒரே தேர்வு ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு மாறும் என்பதற்குப் பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண்ணே சாட்சி. அது எழுதியவர்களின் நடு இடத்தைக் குறிப்பது. 2022இல் 117, 2024இல் 162, 2025இல் 144. மாணவர்களின் திறன் இப்படிக் குதிக்காது. குதித்தது பெரும்பகுதி தாளின் கடினம்.

இரண்டு தாள்களைச் சமன்செய்யத் தேர்வு அறிவியலில் ஒரு வழி இருக்கிறது. இரண்டிலும் சில பொதுவான கேள்விகளை ரகசியமாகச் சேர்த்துவிடுவது. அந்த நங்கூரக் கேள்விகளில் இரண்டு கூட்டமும் எப்படிச் செய்தது என்று பார்த்தால் கூட்டத்தின் வேறுபாடு தெரியும். அதைக் கழித்தால் மீதி தாளின் வேறுபாடு. ஆனால் நங்கூரக் கேள்வி வெளியே வரக்கூடாது. நீட்டிலோ வினாத்தாளை மாணவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மாலையே பயிற்சி மையங்கள் விடைகளை அலசத் தொடங்கிவிடும். இந்தத் திறந்த முறையை நான் குறை சொல்லமாட்டேன். 2024இல் ஓர் இயற்பியல் கேள்விக்கு இரண்டு விடைகள் ஏற்கப்பட்டதை எதிர்த்து மாணவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக முடிந்தது அதனால்தான். டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஒரே விடைதான் சரி என்றார்கள். அதன்பின் திருத்திய இறுதிப் பட்டியலில் 720 எடுத்தவர்கள் 17 பேராகக் குறைந்தார்கள். திறந்த தாளுக்கு நாம் தரும் விலை, மறுதேர்வைச் சமன்செய்ய முடியாமல் போவது. அந்த விலை தகும்.

சமன்செய்தலில் தமிழ்நாட்டுக்குத் தனி அனுபவமே உண்டு. 1984 முதல் மாநிலத்தில் நடந்துவந்த தொழிற்கல்வி நுழைவுத்தேர்வை நீக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டம், வெவ்வேறு வாரியங்களின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களை ஒப்பிட ஒரு விதி வகுத்தது. மாநில வாரியத்தில் இயற்பியல் முதல் மதிப்பெண் 100, வேறொரு வாரியத்தில் 90 என்றால் இரண்டும் 100ஆகக் கொள்ளப்படும்; அந்த வாரியத்தில் 60 எடுத்தவருக்கு 66.66. சாமானியருக்கும் புரியும் முறை. ஆனால் பல லட்சம் பேரின் ஒப்பீடு உச்சியில் நிற்கும் ஒருவரின் தோளில் ஏறிவிடுகிறது. உச்சியில் எல்லா வாரியத்திலும் 100 இருந்தால் விதி ஒன்றுமே செய்யாது. கூட்டம் முழுவதையும் பார்க்கும் நூற்றுமானம் அங்கே சிறந்தது.

ஒரு தேர்வு நிலையாக அளக்கிறதா என்பது நம்பகம். அளக்கவேண்டியதைத்தான் அளக்கிறதா என்பது ஏற்புடைமை. அது தனிக் கேள்வி, இதைவிடப் பெரிய கேள்வி. நீதியரசர் ஏ.கே. ராஜன் தலைமையிலான குழு 2021இல் நீட் பற்றி எழுப்பிய கவலைகளும், அதற்கு முந்தைய ஆண்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு தந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. பயிற்சிக் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுக்கும் முடியாத வீட்டுக்கும் இடையிலான தூரத்தைத் தேர்வுக்கூடத்தால் தரப்படுத்த முடியாது. அந்தத் தூரத்தைக் கடந்து வந்து உட்கார்ந்த பிள்ளைக்குக் கூடத்துக்குள் எல்லாரையும்போல ஒரு விளக்கு எரிய வேண்டும் என்பது நாம் தரக்கூடிய ஆகக் குறைந்த சமத்துவம். பள்ளி மையங்களில் ஜெனரேட்டரும் அவசர விளக்கும் கட்டாயமாக்கும் செலவு, பின்னால் செய்யும் எந்தக் கணக்குத் திருத்தத்தையும்விட நம்பகமானது.

அப்படியும் மின்சாரம் போகும் நாள் வரும். அப்போது செய்யக்கூடிய ஆய்வு இதைவிடக் கூர்மையாக இருக்க முடியும். மையத்தின் சராசரியை விட்டு அறையறையாகப் பார்க்கலாம். ஜன்னல் வரிசையையும் உள்வரிசையையும் ஒரே கூடத்துக்குள் ஒப்பிடலாம். ஒவ்வொருவருடைய பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் சேர்த்துக்கொண்டு, ‘இவ்வளவு எடுத்தவர் நீட்டில் பொதுவாக இவ்வளவு எடுப்பார்’ என்ற எதிர்பார்ப்பிலிருந்து விலகல் எவ்வளவு என்று அளந்தால் தற்செயலின் ஆட்டம் குறையும், சிறிய பாதிப்பும் கண்ணில் படும். எண்ணிக்கையோடு சரியான விடைகளின் விகிதத்தையும் பார்க்கலாம். இதற்கெல்லாம் புதிய கணிதம் வேண்டாம். எந்த அறையில் எப்போது விளக்கு அணைந்தது, எப்போது எரிந்தது என்று கண்காணிப்பாளர் எழுதிவைக்கும் ஒரு தாள் வேண்டும். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி பெயர்களை மறைத்து மையவாரியான மதிப்பெண்கள் வெளியிடப்பட்டன. அதேபோல அறைவாரியான தரவும் அந்தத் தாளும் வெளியே வந்தால், அம்பத்தூரிலோ ஆவடியிலோ இருக்கும் ஒரு கல்லூரிப் புள்ளியியல் துறை மாணவரே அந்தக் கணக்கைப் போட்டு, முகமையின் முடிவைச் சரிபார்த்துவிட முடியும்.